வலது கீழ் மூலை

லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்ட கணக்காளர் கதவைக் குத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் மெக்கானிக்குக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. அவன் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், பிரேக்கை ஒரு கையால் நெம்பித் தளர்த்தி மறுகையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"புனல் வாங்கியாச்சா?"

"அது புனல் இல்ல. ஹூட்டு."

"ஏதோ ஒண்ணு. வாங்கியாச்சா இல்லையா?"

"இங்க ஒரு ஆளு அந்தரத்துல தொங்குறாரு. அப்புறம் பேசறேன்."

"எங்க அண்ணன் குடும்பம் ரெண்டு வருஷமா தொங்குது. ஞாயித்துக்கிழமை விட்டா அவங்களை இனிமே ரயில் ஏறித்தான் பாக்கணும். ஞாபகம் இருக்கட்டும்."

அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போன் செய்வாள். புருஷனுக்கு அந்த நேரத்தில் என்ன வேலை என்று பார்ப்பது அவள் வழக்கமில்லை. கணக்காளரை ஒருவழியாக மூன்றாவது மாடிக்கு ஏற்றிக் கதவைத் திறந்துவிட்டபோது அவர் நன்றி சொல்லவில்லை. "மாசாமாசம் பராமரிப்புன்னு வர்றீங்களே, என்னதான் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார். மெக்கானிக் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டான். அவன் மண்டைக்குள் இருந்ததெல்லாம் கறுப்பாக, வட்டமாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சாமான்தான்.

விஷயம் இதுதான். அவனிடம் ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா உண்டு. அவனைவிட வயதில் மூத்தது. கண் வைத்துப் பார்க்கிற சின்ன ஜன்னல் மேலே இடது ஓரத்தில் இருக்கும். படத்தை வாங்குகிற லென்ஸ் நடுவில் இருக்கும். ஜன்னல் வழியே பார்த்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். லென்ஸைத் திருகித் திருகி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஃபோகஸ் சரி என்று அர்த்தம். அந்த ஜன்னலில் எல்லாமே எப்போதும் அழகாகத்தான் தெரியும். லென்ஸுக்குள் என்ன கூத்து நடந்தது என்பது ஃபிலிம் கழுவி வந்த பிறகுதான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமியார் வீட்டு மொட்டைமாடியில் அவன் ஒரு குடும்பப் படம் எடுத்தான். மாலை வெயில் இடப்பக்கம் பின்னாலிருந்து லென்ஸுக்குள் நுழைந்து, இடது ஓரத்தில் நின்ற பெரிய மச்சான் மனைவியின் முகத்தை அப்படியே தின்றுவிட்டது. கழுத்துவரை நன்றாக இருந்தாள். அதற்கு மேலே வெறும் வெள்ளை. மற்ற எல்லோரும் பளிச்சென்று விழுந்திருந்தார்கள். மாமியாரோ, தன் ஆயுளில் எந்தப் படத்திலும் விழாத அழகாக விழுந்திருந்தாள். பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, கண்ணாடி ஃப்ரேம் போட்டு, நடு அறையில் டிவிக்கு மேலே மாட்டினார்கள். ஆணி அடித்தவனும் மெக்கானிக்தான்.

முகம் போனவள் நர்ஸ். ஆபரேஷன் தியேட்டரில் வேலை; வீட்டில் எல்லோருக்கும் அவள் நர்ஸம்மா. மாட்டியிருந்த படத்தை முதல்முறை பார்த்த அன்று அவள் டீயைக் குடித்து முடித்தாள், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், போனாள். அதன் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "அந்த வீட்டுல எனக்கு மூஞ்சியே கிடையாது. மூஞ்சி இல்லாதவ எதுக்கு வரணும்?" என்று புருஷனிடம் சொன்னாளாம். மெக்கானிக்கிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. தம்பி தம்பி என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், அவன் போன் செய்தால் எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் புருஷன் கையில் கொடுத்துவிடுவாள்.

படத்தைக் கழற்றி வைத்தால் தீர்ந்தது என்று யாருக்கும் தோன்றும். மாமியாருக்குத் தோன்றவில்லை. "எதுக்குக் கழட்டணும்? நான் ஒழுங்கா விழுந்த ஒரே படம் அது. நாளைக்கு நான் போய்ச் சேர்ந்தா மாலை போடறதுக்கும் அதுதான்" என்று சொல்லிவிட்டாள். கழற்றினால்தான் வருவேன் என்று நர்ஸம்மா. இதைவிட நல்லதாக ஒன்று வந்தால்தான் கழற்றுவேன் என்று மாமியார். நடுவில் பெரிய மச்சான் வாரம் ஒருமுறை தனியாக வந்து, சாப்பிடாமல், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டுப் போவான். இந்த நிலையில் அவனுக்கு வேலை மாற்றல் வந்தது. குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கும் அவனுடைய கம்பெனி தொலைவில் ஓர் ஊரில் புதுக் கிடங்கு திறக்கிறது. அடுத்த வாரமே குடும்பத்தோடு கிளம்ப வேண்டும்.

மெக்கானிக்கின் மனைவி இரண்டு பக்கமும் போய் வந்து பேச்சு நடத்தினாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதே மாடி, அதே கேமரா, புதுப் படம். மாமியாருக்குப் பிடித்துவிட்டால் பழையது இறங்கும். போனில் எடுத்துத் தொலைத்தால் என்ன என்று சின்ன மச்சான் கேட்டுப் பார்த்தான். போனில் எடுத்தால் தன் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று மாமியார் வாயை அடைத்துவிட்டாள். நர்ஸம்மாவும் ஒரு நிபந்தனை வைத்தாள். வீட்டுக்குள் வரமாட்டாள். வெளிப்பக்கத்து இரும்புப் படியில் மாடிக்கு ஏறி, படம் எடுத்ததும் அதே படியில் இறங்கிப் போய்விடுவாள்.

அவளுக்கு டியூட்டி முடிந்து வர மாலையாகிவிடும். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து வெயிலுக்கு எதிரே உட்கார முடியாது. ஆக அதே மாலை, அதே பக்கம், அதே வெயில். அந்த வெயிலை லென்ஸுக்குள் விடாமல் தடுக்கத்தான் ஹூட். இவ்வளவு பெரிய குடும்பத்தின் சமாதானம் இத்தனூண்டு தகர வளையத்தில் வந்து நின்றதை நினைக்க மெக்கானிக்குக்குக் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

கேமரா ரிப்பேர் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். கடைக்காரர் நிமிர்வதே இல்லை. பிஸ்கட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து மேஜை முழுக்க ஹூட்டுகளைக் கொட்டினார். உலோகம், ரப்பர், வட்டம், சதுரம், நசுங்கியது, துருப்பிடித்தது எல்லாம் இருந்தன.

"இது பொருந்தும்" என்று ஒன்றை எடுத்து நீட்டினார்.

மாட்டிப் பார்த்தான். "லூசா இருக்கே."

"ஒரு சுத்து டேப்பு ஒட்டிக்குங்க."

"இது?"

"இதுவும் பொருந்தும்."

"ரொம்ப நீளமா இருக்கு. படத்துல ஓரம் இருட்டடிக்காதா?"

"அடிக்கலாம். அடிக்காமலும் இருக்கலாம்."

"அதை எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்."

"இன்னொரு தடவை எடுக்க முடியாதுங்க. அதனாலதான் கேக்குறேன்."

கடைக்காரர் முதல்முறையாக அவனை ஏறிட்டுப் பார்த்தார். "என்ன, கல்யாணமா?"

"கல்யாணம்னா இவ்வளவு கவலைப்பட மாட்டேன். பக்கவாட்டுல ஜன்னல் வெட்டின ஹூட்டுன்னு ஒண்ணு உண்டாமே. அதுல பார்வை மறைக்காதாமே. அது இருக்கா?"

"அதுக்குத்தான் எல்லாரும் அலையறாங்க. வந்தா சொல்றேன்."

"எப்ப வரும்?"

"அதைத்தான் சொல்றேன்னேன், வந்தா."

கடைசியில் நாலைந்தை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். வேண்டாததைத் திருப்பித் தரலாம், ஆனால் கீறல் விழுந்தால் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். அவற்றில் கீறல் விழாத இடம் ஒன்று இருந்தால் காட்டுங்கள் என்று கேட்க நினைத்து, அடக்கிக்கொண்டான். கூடவே பெரிய சுருளிலிருந்து வெட்டிச் சுற்றிய சின்ன ஃபிலிம் ரோல் ஒன்று. ஒரு டஜன் படம்கூடத் தேறாது. வேறு ஃபிலிம் கையிருப்பில் இல்லை என்று கைவிரித்துவிட்டார்.

மறுநாள் காலை அவன் வேலைக்கு விடுப்புச் சொன்னான். பால்கனியில் ஒரு ஸ்டூலைப் போட்டு மனைவியை உட்காரச் சொன்னான். அந்த நேரத்துக்கு வெயில் இடப்பக்கத்திலிருந்து வரும். மாமியார் வீட்டு மாலை வெயிலுக்கு அது ஒத்திகை.

"நான் கடைக்குப் போகணும். அடுப்புல முட்டை வேகுது."

"அஞ்சு நிமிஷம். நீதான் அக்கா இப்ப. ஆடாம உக்காரு."

"அண்ணி மாதிரின்னா நான் உங்க மூஞ்சியையே பாக்கக் கூடாது. திரும்பி உக்காரட்டுமா?"

மெக்கானிக் கேமராவின் முதுகைத் திறந்தான். ஃபிலிம் ஓடுகிற இடத்தில் பட்டர் பேப்பர் ஒரு துண்டை ஒட்டி, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தினான். பேப்பரில் பால்கனி தலைகீழாக விழுந்தது. மனைவி தலைகீழாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் என்ன பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு இருந்த ஒரே வழி இதுதான்.

நீளமான ஹூட்டை மாட்டினான். பேப்பரின் நாலு மூலையும் கறுத்துப்போயின. சதுரத்தை மாட்டினான். மூலை சுத்தமாக இருந்தது. ஆனால் மேலே ஜன்னலில் கண் வைத்தால் நடுவில் சேர வேண்டிய இரட்டை உருவமே தெரியவில்லை, ஹூட்டின் விளிம்பு அதை மறைத்துக்கொண்டு நின்றது. ரப்பரை மாட்டினான். வெயில் தாராளமாக உள்ளே வந்தது. கோபத்தில் அதைக் கொஞ்சம் வெடுக்கென்று இழுத்தபோது அது கையிலிருந்து நழுவி, பால்கனிக் கம்பிக்கு வெளியே பாய்ந்து, கீழ்வீட்டுக்காரர் போட்டிருந்த தகரக் கூரையில் விழுந்து உருண்டது. ஊரார் லிஃப்டையெல்லாம் பார்க்கிறவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இறங்கி, கெஞ்சி, ஏணி வாங்கி, எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தான். முட்டை வெடித்துத் தண்ணீரெல்லாம் வெள்ளையாகியிருந்தது.

"ஏங்க, வெயில் வர்ற பக்கம் ஒரு குடையைப் பிடிச்சா போதாதா? நானே பிடிக்கறேன்."

"நீ படத்துல இருக்கணும்."

"நான் இல்லன்னா என்ன? எங்க அம்மா அதைக் கழட்டணும், அண்ணி இதுல தெரியணும். அவ்வளவுதானே வேணும்."

"அப்புறம் உனக்கு ஒரு படம்னு இன்னொரு ரெண்டு வருஷம் நடக்கும்."

அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வெடித்த முட்டையை உரித்தாள். "அண்ணன் போன வாரம் வந்து உக்காந்திருந்தப்ப, அம்மா தட்டுல சோறு போட்டு வச்சாங்க. அவன் தொடல. 'அவ இல்லாம இந்த வீட்டுல சாப்பிடறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்மா'ன்னான். அம்மா தட்டை எடுத்துட்டுப் போய் அடுக்களையில நின்னு அழுதாங்க. எனக்கு அந்த ஹூட்டு பத்தியெல்லாம் தெரியாது. அவங்க கிளம்பறதுக்கு முன்னால அண்ணி ஒரு தடவை அந்த வீட்டு வாசல் வழியா உள்ள வரணும். அதுக்கு எது மாட்டணுமோ அதை மாட்டுங்க."

மெக்கானிக் மிச்சமிருந்த ஹூட்டை எடுத்தான். நடுத்தர நீளம், லென்ஸின் வெளிப்பக்கம் மாட்டி, ஒரு சின்னத் திருகால் இறுக்குகிற வகை. வெயில் உள்ளே வரவில்லை. பேப்பரில் மூலைகள் சுத்தம். இரட்டை உருவமும் தெரிந்தது. ஒரே ஒரு குறை: ஜன்னலில் பார்க்கும்போது வலது கீழ் மூலையை மட்டும் ஹூட் கறுப்பாக மறைத்தது. படத்தில் அந்த மூலை விழும், எடுக்கிறவன் கண்ணுக்குத்தான் தெரியாது. அந்த மூலையில் என்ன இருக்கப்போகிறது, மொட்டைமாடித் தரைதானே என்று அவன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாடியைப் பெருக்கி, துணிக்கொடியை அவிழ்த்து, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நாற்காலிகளைப் போட்டார்கள். காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. கேமரா ஸ்டாண்டில் நின்றது. அதன் ஷட்டர் துணியால் ஆனது. வெயிலைப் பார்த்து லென்ஸைத் திறந்துவைத்தால், பூதக்கண்ணாடியில் தாள் கருகுவதுபோல துணியில் பொத்தல் விழுந்துவிடும். அதனால் ஆட்கள் வந்து சேரும்வரை லென்ஸுக்கு மூடியைப் போட்டு வைத்தான். ஹூட்டுக்குள் இரண்டு விரலை விட்டுத்தான் மூடியைப் போட வேண்டியிருந்தது.

இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரிய மச்சான் முன்னால் வந்தான், பின்னால் நர்ஸம்மா. டியூட்டியிலிருந்து நேராக வந்திருக்கிறாள். மாஸ்க்கின் நாடா அழுத்திய கோடு இரண்டு கன்னத்திலும் இருந்தது. மாமியார் "வா" என்றாள். நர்ஸம்மா "ம்" என்றாள். அந்த இரண்டு எழுத்துக்கும் நடுவில் ஒரு லாரி போகலாம்.

"அண்ணி, நீங்க எங்க வேணும்னாலும் உக்காருங்க" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

நர்ஸம்மா வெயிலைப் பார்த்தாள். அது வருகிற பக்கத்தைப் பார்த்தாள். பிறகு முன்வரிசையில் அதற்கு நேர் எதிர்க்கோடிக்குப் போய், மாமியாருக்கு அந்தப் பக்கம், வலது ஓர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மெக்கானிக் ஜன்னலில் கண்ணை வைத்தான். பெரிய மச்சான் தெரிந்தான். சின்ன மச்சானும் அவன் மனைவியும் தெரிந்தார்கள். மாமியார் பாதி தெரிந்தாள். நர்ஸம்மா இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வளைவு இருந்தது. அவனுக்கு அழுகை வராத குறை. இத்தனை பேரில் யாருக்காக இந்தப் பாடோ அந்த ஒருத்திதான் அவன் கண்ணில் படவில்லை.

மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கிசுகிசுத்தான். "அக்கா உக்காந்திருக்கற இடம் எனக்குத் தெரியல."

"படத்துல விழுவாங்கல்ல?"

"விழுவாங்க. ஆனா கண்ணை மூடுறாங்களா, திரும்புறாங்களான்னு தெரியாது."

"நகரச் சொல்லட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம். சொன்னா எழுந்து போயிடுவாங்க. நான் நிறைய எடுத்துடறேன். ஒண்ணாவது சரியா விழும்."

அவள் போய்த் தன் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டாள். சூரியன் பக்கத்து அடுக்குமாடியின் விளிம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. இரட்டை மாமியாரை ஒற்றை மாமியாராகச் சேர்த்து ஃபோகஸ் வைத்தான். "எல்லாரும் இங்க பாருங்க" என்று ஓர் அழுத்து அழுத்தினான். அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தான். மறுபடி அழுத்தினான். எல்லோரும் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர்கள் போல இருந்தார்கள்.

"ஏம்மா கையை ஆட்டுற? கொசுவா?" என்று மாமியார் பக்கத்தில் திரும்பிக் கேட்டாள்.

"யாரும் ஆடாதீங்க. கையைக் கீழ வைங்க" என்றான் மெக்கானிக், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். அழுத்தினான். இழுத்தான்.

"மறுபடி ஆட்டுற பாரு. உடம்பு சரியில்லையா?"

"அத்தை, நேரா பாருங்க. வெயில் போகுது." அழுத்தினான். இழுத்தான். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவனுக்குள் ஒரு பிரார்த்தனை ஓடியது. வெயில் சுவரேறி, தொட்டியின் தலையில் மட்டும் நின்றது. பிறகு அங்கிருந்தும் போனது. மாடி முழுவதும் நிழலானது.

"தம்பி."

எல்லோரும் அசைவற்றுப் போனார்கள். இரண்டு வருஷமாகக் கேட்காத குரல்.

"தம்பி, லென்ஸ்ல மூடி இருக்கு."

மெக்கானிக் மெதுவாக நிமிர்ந்தான். ஹூட்டுக்குள் இரண்டு விரலை விட்டான். மூடி இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான், யாரோ கொடுத்த சில்லறையைப் பார்ப்பதுபோல. முதலில் வெடித்துச் சிரித்தவன் பெரிய மச்சான். பிறகு சின்ன மச்சான். அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியாது. மெக்கானிக்கின் மனைவி அண்ணன் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கினாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வெயிலே இல்லாத மாடியில் வெயிலுக்கு மாட்டிய சாமான் எதற்கு என்று திருகைத் தளர்த்தி ஹூட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தான். சும்மா பழக்கத்தில் ஜன்னலில் கண்ணை வைத்தான். வலது கீழ் மூலை திறந்திருந்தது. நர்ஸம்மா உடம்பை வளைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுத்தினான். லீவரை இழுத்தான்; பாதியில் நின்றுவிட்டது. ரோல் முடிந்திருந்தது.

"எப்பக்கா பாத்தீங்க?" என்று கேட்டான். குரல் அவனுக்கே பரிதாபமாக இருந்தது.

"முதல்லயே பாத்துட்டேன். தியேட்டர்ல தைக்கறதுக்கு முன்னாடி உள்ள எதையாவது விட்டுட்டோமான்னு எண்ணி எண்ணிப் பழகிடுச்சு. புதுசா என்னமோ மாட்டியிருக்கீங்களே, அது அப்படித்தான் போலன்னு நெனச்சேன். அப்புறம் சந்தேகம் வந்து கையைக் காட்டினேன். நீங்க பாக்கவே இல்ல."

"அந்த மூலை எனக்குத் தெரியலக்கா. ஹூட்டு மறைச்சிடுச்சு."

"எந்த மூலை?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "நீங்க உக்காந்திருந்த மூலை."

நர்ஸம்மாவின் சிரிப்பு இறங்கிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து, பையை எடுத்துக்கொண்டாள். "இந்தத் தடவையும் நான்தானா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இரும்புப் படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று. பெரிய மச்சான் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னால் போனான்.

மறுநாள் கடைக்காரர் ஹூட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்தார், திருகு தேய்ந்திருக்கிறதாம். அதை அடுக்களை மேடையில் எறிந்தான். இரண்டு நாள் கழித்து மனைவி அதை வைத்து பிஸ்கட் மாவை வட்ட வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் பார்த்தான். அதற்காவது பொருந்துகிறதே என்று விட்டுவிட்டான்.

பெரிய மச்சான் ஊருக்குக் கிளம்புகிற நாளன்று காலையில்தான் பிரிண்ட் கைக்கு வந்தது. கவரைக் கடை வாசலிலேயே பிரித்தான். இப்படி ஒரு கூர்மையான படத்தை அவன் எடுத்ததே இல்லை. பெரிய மச்சான் வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். தங்கை அவன் தோளில் சாய்ந்திருக்கிறாள். சின்ன மச்சான் மனைவியின் நாற்காலி பின்னால் சரிகிறது. மாமியார் பொய்ப்பல் நகர்ந்துபோய் வாயைப் பொக்கையாகத் திறந்திருக்கிறாள். வலது கீழ் மூலையில் நர்ஸம்மா குலுங்கிச் சிரிக்கிறாள்; அவள் உள்ளங்கை மூக்கிலிருந்து மோவாய் வரை மூடியிருக்கிறது. கண்ணும் சிரிப்பில் இடுங்கிப் போயிருந்தது.

மாமியார் வீட்டு வாசலில் சாமான் ஏற்றிய வேன் நின்றது. சொல்லிக்கொண்டு போகப் பெரிய மச்சான் உள்ளே போயிருந்தான். நர்ஸம்மா வேனுக்குப் பக்கத்தில், கேட்டுக்கு வெளியே நின்றாள். மெக்கானிக் அவளைத் தாண்டி உள்ளே போய் முதலில் மாமியாரிடம் கொடுத்தான். அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதை மாட்டினா என் மானம் போகும்."

"அம்மா" என்றாள் மகள்.

"வாயைப் பாருடி. குகை மாதிரி இருக்கு. முடியாது."

மெக்கானிக் படத்தை வாங்கிக்கொண்டு வெளியே போனான். நர்ஸம்மாவிடம் நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுலயும் என் மூஞ்சி இல்லையே தம்பி."

"உங்க கைதான்க்கா மறைச்சிருக்கு."

"தெரியுது. சிரிச்சா கை தானா போயிடுது. நாள் முழுக்க மாஸ்க்குல இருந்து, மூஞ்சியைத் திறந்து வச்சுச் சிரிக்கறதே மறந்துபோச்சு." அவள் விரல் படத்தில் பெரிய மச்சான் மேல் போய் நின்றது. "உங்க மச்சான் இப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு."

அவன் தலையை ஆட்டினான்.

"அன்னைக்கு வெயில் மேல எனக்குக் கோபம் இல்ல தம்பி. வெயிலுக்கு என்ன தெரியும். அதைப் பாத்துட்டு, எல்லாருமா சேர்ந்து, ஃப்ரேம் போட்டு மாட்டினீங்களே. வீட்டுல ஒருத்தருக்குக்கூட, இவ மூஞ்சி இல்லையேன்னு தோணலையே."

"தோணலக்கா" என்றான் மெக்கானிக். வெட்கமாக இருந்தது.

வாசலில் மாமியார் வந்து நின்றாள். கேட்டாளா கேட்கவில்லையா என்று தெரியவில்லை. "அந்தப் படத்துல என் வாயைப் பாத்தியா?" என்று அங்கிருந்தே கேட்டாள். "பல்லு கழண்டு கெடக்கு. இதைப் போய் மாட்டணுமாம்."

நர்ஸம்மா மறுபடி படத்தைப் பார்த்தாள். கை வாய்க்குப் போயிற்று. பாதி வழியில் அதைப் பிடித்து இறக்கிக்கொண்டாள். "பாத்தேன் அத்தை. என் மானம் ரெண்டு வருஷம் அங்க தொங்கிச்சு. உங்களது கொஞ்ச நாள் தொங்கட்டும்."

மாமியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். "சரி, வந்து நீயே மாட்டு. உன் கையால மாட்டினாத்தான் நான் கழட்ட மாட்டேன்."

நர்ஸம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நடு அறையில் பெரிய மச்சான் எழுந்து நின்றான். அவன் தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். மெக்கானிக் ஸ்டூலைப் போட்டு ஏறி, டிவிக்கு மேலிருந்த ஃப்ரேமை இறக்கிக் கொடுத்தான். புதுப் படத்துக்கு ஃப்ரேம் இல்லை. அதை நர்ஸம்மா ஒரு கிளிப்பில் மாட்டி அதே ஆணியில் தொங்கவிட்டாள். அது எவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கிறது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பழசைக் குப்பையில போட்டுடாதீங்க" என்றாள் மாமியார், யாரையும் பார்க்காமல்.

"குப்பையில எதுக்குப் போடணும்? நான் எடுத்துட்டுப் போறேன்."

"நீயா? அதுல உனக்கு மூஞ்சியே இல்லையே."

"உங்க மூஞ்சி இருக்கே" என்றாள் நர்ஸம்மா. "இதுல நீங்க நல்லா விழுந்திருக்கீங்க அத்தை. அங்க போய் உங்களைப் பாக்கணும்னா எனக்கு வேற படம் ஏது?"

மாமியார் உள்ளறைக்குப் போய் ஒரு குளியல் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஃப்ரேமைத் தன் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைச் செருகினாள். "கண்ணாடி. மேல சாமான் ஏத்திடாதே."

வெளியே வேன்காரர் ஹாரனை அழுத்தினார். பெரிய மச்சான், "அம்மா, போறதுக்கு முன்னாடி ஒரு வாய் சோறு போடு" என்றான். வேன்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது பின்னால் இடம் இருந்தும், நர்ஸம்மா அந்தத் துண்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.